கொடி மாறிய கப்பல் – 4: மிதவைகளை வெட்டப் போன ஐரிஸ்

இதுவரை…

அமெரிக்கக் குடியேற்றங்கள் பிரிட்டனை எதிர்த்துக் கிளம்பியபோது அவற்றிடம் சொல்லிக்கொள்ளும்படியான கடற்படை இல்லை. 1775 டிசம்பர் 13 அன்று, ஃபிரிகேட் என்ற ஒற்றைத் தளப் பீரங்கிக் கப்பல்கள் 13-ஐக் கட்டுவதென்று குடியேற்றங்களின் காங்கிரஸ் முடிவெடுத்தது. அவற்றில் ஒன்றுதான் மாசசூசெட்ஸின் நியூபரிபோர்ட் ஊரில், மெரிமாக் ஆற்றங்கரையில் உருவான 32 பீரங்கிக் கப்பல் ஹான்காக். 1776 ஜூலையில் நீரில் இறங்கியது. 1777 மே மாதம் பாஸ்டன் துறைமுகத்திலிருந்து வேட்டைக்குக் கிளம்பி, ஜூன் 7 அன்று பிரிட்டனின் ஃபாக்ஸ் கப்பலைப் பிடித்தது. அந்த வெற்றிக்கு ஆயுள் ஒரே மாதம். ஜூலை 8 அன்று ரெயின்போ என்ற பிரிட்டிஷ் கப்பலின் முன் ஹான்காக் தன் கொடியை இறக்கியது. ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்துக்குக் கொண்டுபோகப்பட்டு, ஐரிஸ் என்ற புதுப் பெயரோடு பிரிட்டிஷ் கடற்படைக் கப்பலாக மறுபடி கடலுக்கு வந்தது.

இனி…

பழி யார் மேல்?

ஒரு போர்க்கப்பல் எதிரியின் கைக்குப் போனால் அதற்குச் சண்டையில் தோற்றதுதான் காரணம் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். பீரங்கிகள் முழங்கின, பாய்மரம் முறிந்தது, தளம் முழுக்க ரத்தம், கடைசியில் கொடி இறங்கியது: கடற்போர் ஓவியங்கள் எல்லாம் இப்படித்தான் சொல்கின்றன. ஹான்காக் என்ற ஐரிஸின் கதையை வரிசையாக வைத்துப் பார்த்தால் இந்தக் கணக்கு உதைக்கிறது. இந்தக் கப்பல் கடுமையான சண்டைகளைப் போட்டிருக்கிறது. அந்தச் சண்டைகளில் ஒன்றிலும் அது கைமாறவில்லை. கைமாறிய இரண்டு முறையும் சொல்லும்படியான சண்டையே நடக்கவில்லை. இதைத் தற்செயல் என்று தள்ளிவிடலாம்தான். ஆனால், 1777-ல் அமெரிக்கர்கள் இதை இழந்த விதத்தையும் 1781-ல் பிரிட்டிஷார் இதை இழந்த விதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இரண்டு இடத்திலும் ஒரே தவறு தெரிகிறது. சின்ன லாபம் ஒன்றுக்காக இந்தக் கப்பலை நிற்கக் கூடாத இடத்தில், நிற்கக் கூடாத நேரத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். கப்பலைப் பறிகொடுக்க அந்த முடிவே போதுமானதாக இருந்தது. எதிரியின் குண்டுகளுக்கு அதில் பெரிய வேலை இருக்கவில்லை.

முதலில் 1777-ஐ இந்தக் கண்ணோட்டத்தில் ஒருமுறை பார்த்துவிடுவோம். ஜூலை 6 அன்று ஹான்காக்கின் தளபதி ஜான் மேன்லியிடம் மூன்று போர்க்கப்பல்கள் இருந்தன: ஹான்காக், துணைக்கு வந்த பாஸ்டன், பிடிபட்ட ஃபாக்ஸ். அன்று நிலக்கரி ஏற்றிய ஒரு சிறு கலம் சிக்கியது. அதையும் விட மனமில்லாமல் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனார் மேன்லி. அதனால் வேகம் குறைந்தது. சர் ஜார்ஜ் காலியரின் ரெயின்போ அடிவானத்தில் தெரிந்த பிறகுதான் அந்தக் கலத்தை எரித்துவிட்டு ஓடத் தொடங்கினார். மறுநாள் காலை இன்னொரு பிரிட்டிஷ் கப்பலான ஃப்ளோராவும் சேர்ந்துகொண்டது. மூன்று அமெரிக்கக் கப்பல்களும் மூன்று திசையில் பிரிந்தன. ஃபாக்ஸ் மறுபடி பிரிட்டிஷார் கைக்குப் போனது. பாஸ்டன் தப்பியது. ரெயின்போ விடாமல் துரத்தியது ஹான்காக்கை.

ஓட்டத்தில் ஹான்காக்குக்கு ஈடு கிடையாது. நேராக ஓடியிருந்தால் தப்பியிருக்கும். மேன்லி இன்னும் வேகம் வேண்டும் என்று கப்பலின் முன்பகுதியான அணியத்துப் பக்கப் பாரத்தைக் குறைத்தார். மாட்டு வண்டி ஓட்டுகிறவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்றால் என்னவென்று சொல்லித் தர வேண்டியதில்லை. பாரம் சமனாக இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல மாடும் திணறும். ஹான்காக்குக்கும் அதுதான் நடந்தது. அணியம் தூக்கிக்கொண்டது, பின்பகுதியான அமரம் அமுங்கியது, கப்பலின் நடை கெட்டது. சுமார் 39 மணி நேரத் துரத்தலுக்குப் பிறகு ரெயின்போ கூப்பிடு தூரத்துக்கு வந்து, உடனே பணிந்தால் உயிருக்கு உத்தரவாதம் என்று அறிவித்தது. காற்று கிளம்புமா என்று மேன்லி நேரம் கடத்திப் பார்த்தார். ரெயின்போ சுட்டது. கொடி இறங்கியது.

இதற்கு இரண்டு மறுப்புகள் உண்டு. அமெரிக்க மாலுமிகளுக்கு அனுபவம் போதாது, அதனால் தோற்றார்கள் என்பது ஒன்று. அதே மாலுமிகள்தான் ஒரு மாதம் முன்பு பயிற்சி பெற்ற பிரிட்டிஷ் மாலுமிகளின் ஃபாக்ஸைப் பிடித்தவர்கள். அதில் பாஸ்டனின் துணை இருந்தது என்றாலும், கடல் தெரியாதவர்கள் செய்யக்கூடிய காரியம் இல்லை அது. மேன்லி கோழை என்பது இன்னொன்று. ரெயின்போவில் இரண்டு தளங்களில் 44 பீரங்கிகள். ஹான்காக்கின் முக்கியப் பீரங்கிகள் எல்லாம் 12 பவுண்டுக் குண்டு வீசுபவை. எதிர்த்து நின்றிருந்தால் பிணங்கள் விழுந்திருக்கும், முடிவு மாறியிருக்கும் என்று சொல்ல முடியாது. மேன்லி விடுதலையாகி வந்த பிறகு நடந்த ராணுவ நீதிமன்ற விசாரணையும் அவரைக் குற்றமற்றவர் என்றே விடுவித்தது. உதவிக்கு வராமல் தப்பிப்போன பாஸ்டன் கப்பலின் தளபதி மெக்நீலைத்தான் பதவியிலிருந்து நீக்கியது. ஆக, கொடி இறங்கிய அந்தக் கணத்தில் குற்றம் தேடிப் பயனில்லை. குற்றம் இரண்டு நாள் முன்பு, நிலக்கரிக் கலத்துக்குக் கயிறு கட்டிய இடத்தில் இருக்கிறது.

ஒன்றரை மணி நேரம்

பிரிட்டிஷ் கொடியின் கீழ் ஐரிஸ் அமெரிக்கக் கரையோரத்தில் பேர்போன கப்பலாகிவிட்டது. எந்த அமெரிக்க வணிகக் கப்பலும் அதனிடமிருந்து ஓடித் தப்புவது கடினம். அதன் தளபதிகளுக்குப் பணம் கொட்டியது. ஆனால் ஆயுதமில்லாத வணிகக் கப்பலைத் துரத்திப் பிடிப்பது வேறு, தனக்குச் சமமான போர்க்கப்பலோடு நேருக்கு நேர் நிற்பது வேறு. அந்தச் சோதனை 1780 ஜூன் 7 அன்று வந்தது.

எதிரே வந்தது பிரான்சின் ஹெர்மியோன். லஃபயெத் பிரபுவைச் சுமந்துகொண்டு அந்த ஆண்டு ஏப்ரல் கடைசியில் பாஸ்டனில் வந்து இறங்கிய அதே கப்பல். ஃபிரிகேட் வகைக் கப்பல்களுக்குள் இதைவிடச் சமமான ஜோடியைத் தேடுவது சிரமம். இரண்டும் 32 பீரங்கிக் கப்பல்கள், இரண்டிலும் முக்கிய ஆயுதம் 12 பவுண்டுப் பீரங்கி. ஐரிஸின் தளபதி ஜேம்ஸ் ஹாக்கர். ஹெர்மியோனின் தளபதி லத்தூஷ் த்ரெவீல். லாங் ஐலண்ட் தீவுக்கு அப்பால் ஒன்றரை மணி நேரம் இருவரும் அருகருகே நின்று சுட்டுக்கொண்டார்கள். ஹெர்மியோனில் 10 பேர் செத்தார்கள், 37 பேர் காயமடைந்தார்கள். லத்தூஷுக்கே கையில் குண்டு பாய்ந்தது. ஐரிஸில் 7 பேர் இறந்தார்கள். கடைசியில் இரண்டு கப்பல்களும் பாய் கிழிந்து, கயிறு அறுந்து, விலகிப் போயின. எதிராளிதான் ஓடினான் என்று இரு தரப்பும் சொல்லிக்கொண்டன. அந்த வழக்கு பத்திரிகைகள் வரை போனது.

இந்த எழுத்துச் சண்டையில் யார் சொன்னது உண்மை என்று தீர்ப்புச் சொல்வது நமக்கு வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது, அவ்வளவு ரத்தம் சிந்திய பிறகும் எந்தக் கொடியும் இறங்கவில்லை என்பதைத்தான். இதற்குப் பொறியியல் காரணம் ஒன்று இருக்கிறது. கனத்த ஓக் மரத்தால் ஆன கப்பலின் உடலை 12 பவுண்டுக் குண்டு துளைக்கும். ஆனால் அந்தத் துளை பெரும்பாலும் நீர்மட்டத்துக்கு மேலே விழும், தச்சர் கட்டையை அடித்து அடைத்துவிடுவார். கப்பலை நிறுத்துவது உடலில் விழும் ஓட்டையல்ல, மேலே பாய்மரத்துக்கும் கயிறுகளுக்கும் ஏற்படும் சேதம். சமமான இரண்டு கப்பல்கள் சுட்டுக்கொள்ளும்போது இரண்டுக்கும் அந்தச் சேதம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வருகிறது. ஓட முடியாத கப்பலைத் துரத்தவும் முடியாத கப்பல் எப்படிப் பிடிக்கும்?

சரி, பிரிட்டிஷாரின் செராபிஸ் கப்பல் என்னவாயிற்று என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1779 செப்டம்பர் 23 அன்று இங்கிலாந்தின் ஃப்ளாம்பரோ முனைக்கு அருகே அமெரிக்கத் தளபதி ஜான் பால் ஜோன்ஸ் தன் போனம் ரிச்சர்ட் கப்பலோடு செராபிஸைச் சந்தித்தார். மூன்று மணி நேரத்துக்கும் மேலாக, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இரண்டும் சண்டையிட்டன. செராபிஸ் கொடி இறக்கியது. சண்டையால் கப்பல் கைமாறியதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஆனால் வென்றவரின் நிலைமை என்ன? போனம் ரிச்சர்ட் இரண்டு நாளில் மூழ்கியது. ஜோன்ஸ் தான் பிடித்த கப்பலில் ஏறித்தான் கரை சேர வேண்டியிருந்தது. ஒரு கப்பலைப் பிடிக்க ஒரு கப்பலைக் கொடுத்தார். அந்தச் சண்டை இன்றுவரை பேசப்படுவதே அது அபூர்வம் என்பதால்தான். விதிவிலக்கு இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்வோம். அதன் விலையையும் சேர்த்துப் பார்த்தால், தளபதிகள் ஏன் அந்த வழியைத் தவிர்த்தார்கள் என்பதும் விளங்கிவிடும்.

பங்குப் பணம்

தவிர்த்ததற்குப் பணமும் ஒரு காரணம். பிரிட்டிஷ் கடற்படையில், பிடிபட்ட கப்பலின் மதிப்பு முழுவதும் பிடித்தவர்களுக்கே. அதை எட்டுப் பங்காக்கி, மூன்று பங்கைத் தளபதிக்கு ஒதுக்குவார்கள். அதிலும் ஒன்று அவருக்கு மேலே உள்ள அட்மிரலுக்குப் போகும். கடைசி இரண்டு பங்கை நூற்றுக்கணக்கான சாதாரண மாலுமிகளும் வீரர்களும் பிரித்துக்கொள்வார்கள். இந்த ஏற்பாட்டில் எதிரியின் கப்பல் எரிந்தாலோ மூழ்கினாலோ தளபதிக்கு அந்த எட்டில் மூன்று பங்கு கடலோடு போய்விடும். உடையாமல் கிடைத்தால் லாபம். சல்லடையாகக் கிடைத்தால் ஏலத்தில் என்ன விலை போகும்? அரசாங்கத்தின் கணக்கும் இதே பக்கம்தான் சாய்ந்தது. புதுக் கப்பல் கட்ட மரம் வேண்டும், அந்த மரம் உலர ஆண்டுகள் வேண்டும். பிடித்த கப்பலில் வேறு கொடியை ஏற்றினால் போதும். பதினெட்டாம் நூற்றாண்டின் போர்க்கப்பல்கள் இத்தனை கை மாறியதற்கு மாலுமிகளின் வீரத்தைக் காட்டிலும் இந்தச் சட்டமே பெரிய காரணம்.

ஐரிஸ் தானே பிடித்த கப்பல் ஒன்று இதற்குச் சாட்சி. காங்கிரஸ் கட்டிய அந்த 13 கப்பல்களில் டிரம்புல்லும் ஒன்று. 1776-லேயே நீரில் இறங்கிய அது, கனெக்டிகட் ஆற்று முகத்துவார மணல்மேட்டைத் தாண்ட முடியாமல் 1779 வரை ஆற்றுக்குள்ளேயே கிடந்தது. கடைசியில் கப்பலின் இரு பக்கமும் தண்ணீர் நிரப்பிய பீப்பாய்களைக் கட்டி, அடியில் கயிறு கொடுத்து, பீப்பாய்த் தண்ணீரை இறைத்துவிட்டார்கள். பீப்பாய்கள் மிதந்து எழும்பக் கப்பலும் கூடவே எழும்பி, மேட்டைத் தாண்டியது. அவ்வளவு பாடுபட்டு வெளியே கொண்டுவந்த கப்பல் 1781 ஆகஸ்ட் 8 அன்று டெலாவேர் முனைக்கு அப்பால் புயலில் முன் பாய்மரத்தின் மேல்பகுதியை இழந்து தள்ளாடிக்கொண்டிருந்தபோது ஐரிஸின் கண்ணில் பட்டது. டிரம்புல்லின் தளபதி ஜேம்ஸ் நிக்கல்சன் சண்டைக்கு அழைத்தார். மாலுமிகளில் பெரும்பாலோர் வர மறுத்துக் கீழ்த்தளத்துக்குப் போய்விட்டார்கள். மிச்சமிருந்த கொஞ்சம் பேரை வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் தாக்குப்பிடித்தார். ஜெனரல் மாங்க் என்ற இன்னொரு பிரிட்டிஷ் கப்பலும் வந்து சேர்ந்ததும் கொடியை இறக்கினார்.

இது சண்டையில் பிடிபட்டதுதானே என்று தோன்றும். புயலும் மாலுமிகளின் மறுப்பும் முக்கால்வாசி வேலையை முடித்துவிட்ட பிறகு நடந்த சண்டை அது. அதன் பலன் என்ன என்பதையும் பார்க்க வேண்டும். டிரம்புல்லை ஐரிஸ் நியூயார்க்குக்கு இழுத்துக்கொண்டு போனது. அதன் நிலைமையைப் பார்த்த பிரிட்டிஷ் கடற்படை அதைச் சேவையில் சேர்த்துக்கொள்ளவில்லை. அடிபடாமல் வந்த ஹான்காக் பிரிட்டனின் பெருமையாக வலம்வந்தது. அடிபட்டு வந்த டிரம்புல் யாருக்கும் வேண்டாததாகப் போனது. 13 கப்பல்களில் அமெரிக்கர் கையில் கடைசியாக மிஞ்சியிருந்தது டிரம்புல்தான். அதையும் பிடித்துக் கணக்கை முடித்தது, அதே 13-ல் ஒன்றாகப் பிறந்த ஐரிஸ்.

கூட வந்த ஜெனரல் மாங்க்கின் கதையும் இதே ரகம். அதுவும் அமெரிக்கர்களிடமிருந்து பிடித்த கப்பல்தான். 1782 ஏப்ரல் 8 அன்று டெலாவேர் விரிகுடாவில் அமெரிக்கத் தளபதி ஜோஷுவா பார்னி அதைத் திரும்பப் பிடித்தார். பார்னி ஓட்டிவந்த பென்சில்வேனியாக் கப்பலின் பெயர் ஹைதர் அலி. மைசூர் ஹைதர் அலி அப்போது ஆற்காட்டு நாட்டில் கும்பினிப் படையோடு மோதிக்கொண்டிருந்தார். பிரிட்டனின் எதிரி யாராக இருந்தாலும் பென்சில்வேனியாக்காரர்களுக்கு அவர் பெயர் இனித்தது.

செசபீக்

டிரம்புல்லை நியூயார்க்கில் கொண்டுவந்து விட்ட ஐரிஸுக்கு ஒரு மாதம்கூட ஓய்வில்லை. வர்ஜீனியாவில் யார்க்டவுன் ஊரில் கார்ன்வாலிஸ் பிரபுவின் பிரிட்டிஷ் படை முகாமிட்டிருந்தது. அதற்கு உயிர்நாடி செசபீக் விரிகுடா. உதவியோ உணவோ தப்பிக்கும் வழியோ, எல்லாம் அந்த வாசல் வழியாகத்தான். ஆகஸ்ட் கடைசியில் பிரெஞ்சு அட்மிரல் த கிராஸ் தன் பெரும் கப்பற்படையோடு வந்து அந்த வாசலில் நங்கூரம் போட்டார். ஆகஸ்ட் 31 அன்று பிரிட்டிஷ் அட்மிரல் தாமஸ் கிரேவ்ஸ் நியூயார்க்கிலிருந்து கிளம்பினார்.

செப்டம்பர் 5 காலை பிரிட்டிஷ் கப்பல்கள் தெரிந்தபோது பிரெஞ்சுக்காரர்கள் தயாராக இல்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாலுமிகள் படகுகளோடு கரைக்குப் போயிருந்தார்கள். நங்கூரத்தைத் தூக்க நேரமில்லை. பெரிய போர்க்கப்பல் ஒன்றின் நங்கூரம் டன் கணக்கில் கனக்கும். கட்டை உருளையை நூறு பேர் சுற்றிவந்து தள்ளி, மனிதத் தொடை கனத்துக்குத் திரித்த சணல் வடத்தை அங்குலம் அங்குலமாக இழுத்தால்தான் அது மேலே வரும். எனவே வடத்தைக் கடலுக்குள் நழுவவிட்டுவிட்டு 24 கப்பல்கள் வெளியேறின. நங்கூரங்கள் அடிமணலில் கிடந்தன. ஒவ்வொன்றின் தலைக்கு மேலும், அது கிடக்கும் இடத்தைக் காட்ட, கயிறு கட்டிய ஒரு மிதவை தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது.

அன்று மாலை நடந்த போர் அமெரிக்காவின் விடுதலையைத் தீர்மானித்த கடற்போர் என்று வரலாறு சொல்கிறது. பிரெஞ்சு வரிசையில் 24 பெருங்கப்பல்கள், பிரிட்டிஷ் வரிசையில் 19. இரண்டு மணி நேரத்துக்கும் மேல் குண்டு மழை. கிரேவ்ஸின் கொடிச் சைகைகள் குழப்பமாக இருந்ததால் அவருடைய பின்வரிசை சண்டைக்குள் சரியாக வரவே இல்லை. பிரிட்டிஷ் தரப்பில் 90 பேர் இறந்தார்கள், 246 பேர் காயமடைந்தார்கள். இத்தனைக்கும் பிறகு இரு தரப்பிலும் பிடிபட்ட கப்பல் ஒன்றுகூட இல்லை. மிக மோசமாக அடிபட்ட பிரிட்டிஷாரின் டெரிபிள் கப்பலும் எதிரி கைக்குப் போகவில்லை. ஏற்கெனவே ஒழுகிக்கொண்டிருந்த அதை, காப்பாற்ற வழியில்லாமல் செப்டம்பர் 11 அன்று பிரிட்டிஷாரே எரித்தார்கள். 43 பெருங்கப்பல்கள் மோதியும் எந்தக் கொடியும் மாறவில்லை. கொடி மாறியது போருக்கு ஆறு நாள் கழித்து, பீரங்கிகள் ஓய்ந்துவிட்ட விரிகுடாவில்.

போருக்குப் பிறகு இரு படைகளும் ஒன்றையொன்று பார்த்தபடி தெற்கே மிதந்தன. கிரேவ்ஸ் ஐரிஸையும் ரிச்மண்ட் என்ற இன்னொரு ஃபிரிகேட்டையும் விரிகுடாவுக்கு அனுப்பினார். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன நங்கூரங்களின் மிதவைகளை வெட்டிவிடுவது அவற்றின் வேலை. மிதவை போய்விட்டால் நங்கூரம் எங்கே கிடக்கிறதென்று யாருக்கும் தெரியாது. நங்கூரமில்லாத போர்க்கப்பலால் திறந்த துறையில் நம்பி நிற்க முடியாது. முற்றுகை நடத்த வந்த படைக்கு அது பெரிய தலைவலி. காகிதத்தில் பார்த்தால் கெட்டிக்கார யோசனை. செலவு கொஞ்சம், எதிரிக்கு நஷ்டம் அதிகம்.

அந்த யோசனைக்குள் ஒரு முரண் ஒளிந்திருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் திரும்பி வரப்போவதில்லை என்றால் மிதவைகளை வெட்ட வேண்டிய அவசியமே இல்லை. திரும்பி வருவார்கள் என்றால், அவர்கள் திரும்பி வரும் அதே இடத்தில் இரண்டு கப்பல்களை நிறுத்தி வைக்கக் கூடாது. செசபீக்கின் வாய், சார்லஸ் முனைக்கும் ஹென்றி முனைக்கும் இடையே சுமார் 20 கிலோமீட்டர். திறந்த கடலில் ஐரிஸைப் பிடிக்கக்கூடிய கப்பல் அரிது. அந்த வாய்க்குள் போய்விட்டால் அதன் வேகத்தால் ஒரு பயனும் கிடையாது. வெளியேற ஒரே வழி. அந்த வழியில் எதிரி வந்துவிட்டால் எவ்வளவு வேகமான கப்பலும் ஓடி ஓடி எதிரியிடமேதான் போய்ச் சேரும்.

செப்டம்பர் 9 இரவு த கிராஸ் பிரிட்டிஷார் கண்ணிலிருந்து விலகி விரிகுடாவை நோக்கித் திரும்பினார். நியூபோர்ட்டிலிருந்து முற்றுகைப் பீரங்கிகளைச் சுமந்துகொண்டு பராஸ் என்ற பிரெஞ்சுத் தளபதியின் கப்பல்களும் செசபீக்குக்குள் வந்துவிட்டன. பிரெஞ்சு வரிசையின் பலம் இப்போது 36 பெருங்கப்பல்கள். செப்டம்பர் 11 அன்று ஐரிஸும் ரிச்மண்டும் பிடிபட்டன. ஒரு மாதம் முன்பு டிரம்புல்லைப் பிடித்த அதே தளபதி ஜார்ஜ் டாசன்தான் அன்றும் ஐரிஸில் இருந்தார். இந்த முறை கொடியை இறக்க வேண்டியவர் அவரே.

ஆபத்தில்லாமல் போர் உண்டா?

கிரேவ்ஸுக்காக வாதாடுகிறவர்கள் சொல்வது இது: ஃபிரிகேட்டுகள் இருப்பதே இப்படிப்பட்ட வேலைக்குத்தான், ஆபத்தில்லாமல் போரில் எதுவும் நடக்காது, தன் கப்பற்படை எதிரிக்கும் விரிகுடாவுக்கும் நடுவில் இருக்கும் என்று அவர் நம்பியதில் தவறில்லை. இதில் முதல் பகுதி உண்மை. சண்டை வரிசையில் நிற்காமல் வேவு, செய்தி, சில்லறைச் சேதம் என்று ஓடியாடி வேலை செய்வதற்காகவே ஒற்றைத் தளப் பீரங்கிக் கப்பல்களைக் கட்டினார்கள். ஆனால் அந்த வேலைகளில் மிக முக்கியமானது வேவு. ஐரிஸ் கண்ணாக இருக்க வேண்டிய கப்பல். எதிரி எங்கே என்று தெரியாமல் கிரேவ்ஸ் தவித்த அந்த நாட்களில், தன் வேகமான கண்களில் இரண்டை மிதவை வெட்டும் கத்தியாக மாற்றி விரிகுடாவுக்குள் அனுப்பிவிட்டார். பிரெஞ்சுப் படை உள்ளே வந்து நங்கூரமிட்டுவிட்டது என்ற செய்தி செப்டம்பர் 13 அன்று மெடியா என்ற வேறொரு கப்பல் மூலம்தான் அவருக்குக் கிடைத்தது. ஆலோசனை கூட்டினார், நியூயார்க்குக்குத் திரும்புவதென்று முடிவானது. அக்டோபர் 19 அன்று கார்ன்வாலிஸின் படை யார்க்டவுனில் சரணடைந்தது.

இரண்டு ஃபிரிகேட்டுகள் கையில் இருந்திருந்தால் யார்க்டவுன் தப்பியிருக்கும் என்று சொல்வது மிகை. 36 பெருங்கப்பல்களுக்கு எதிரே அவை ஒன்றும் செய்திருக்க முடியாது. இங்கே நிறுவ வேண்டியது அதைவிடச் சிறியது, ஆனால் உறுதியானது. 1777-ல் மேன்லிக்கு நிலக்கரிக் கலம். 1781-ல் கிரேவ்ஸுக்கு மிதவைகள். இரண்டும் கைக்கெட்டும் சின்ன லாபம். இரண்டிலும் கப்பலின் ஒரே பெரிய பலமான வேகத்தை அடகு வைத்துத்தான் அந்த லாபத்தைத் தேடினார்கள். முதல் முறை இழுத்துச்சென்ற கயிறு கப்பலை மெதுவாக்கியது, இரண்டாம் முறை விரிகுடாவின் கரைகள் அதைச் சிறைவைத்தன. இடையில் வந்த ஹெர்மியோன் சண்டையில், ஓட வழியும் சுட வலுவும் இருந்தபோது, இந்தக் கப்பலை எவராலும் அசைக்க முடியவில்லை. ஒரே மரம், ஒரே பாய், ஒரே பீரங்கித் தளம். மாறியதெல்லாம் கட்டளையிட்டவர்களின் கணக்கு.

பிரெஞ்சுக்காரர்கள் பெயரைக்கூட மாற்றவில்லை. ஐரிஸ் ஐரிஸாகவே அவர்களுடைய கடற்படையில் சேர்ந்தது. அதன் புதிய தளபதி டிராவர்சே என்ற இளைஞர். பின்னாளில் அவரும் ரஷ்யாவின் சேவைக்குப் போய், அந்நாட்டின் கடற்படை அமைச்சராகவே ஆனார். அந்தக் காலத்தில் கப்பல்கள் மட்டும் கொடி மாறவில்லை. 1783-ல் அமைதி வந்தது. அமைதிக் காலத்தில் போர்க்கப்பலுக்கு வேலை இல்லை, பராமரிக்கக் காசு இல்லை. ஐரிஸ் கடைசியில் பிரான்சின் மத்தியதரைக் கடல் துறைமுகமான தூலோனில் வெடிமருந்துக் கிடங்காக ஒதுங்கியது. ஒரு காலத்தில் அட்லாண்டிக்கைக் கலக்கிய கப்பலின் வயிற்றில் இப்போது மருந்துப் பீப்பாய்கள். ஓடிப் பிழைத்த கப்பலுக்கு ஓட்டமே போய்விட்டது.

அந்த நிலையில்தான் 1793 வந்தது. பிரெஞ்சுப் புரட்சியை வெறுத்த தூலோன் நகரத்தார் ஆகஸ்ட் கடைசியில் துறைமுகத்தையும் அதிலிருந்த கப்பல்களையும் பிரிட்டிஷ் அட்மிரல் ஹூடிடம் ஒப்படைத்தார்கள். ஒரு குண்டுகூடச் சுடாமல் ஒரு கப்பற்படை கைக்கு வந்தது. ஆனால் ஹூட் அதைப் பிடித்ததாகச் சொல்லவில்லை. பாரிஸில் சிறையில் கிடந்த எட்டு வயதுப் பதினேழாம் லூயி மன்னருக்காகப் பாதுகாத்து வைத்திருப்பதாகவே அறிவித்தார். பக்கத்திலேயே ஸ்பெயினின் கப்பற்படையும் பங்காளியாக நின்றது. ஊருக்கு வெளியே குடியரசின் படைகள் முற்றுகையிட்டிருந்தன. அவர்களிடையே 24 வயதுப் பீரங்கி அதிகாரி ஒருவன், பெயர் போனபார்ட், துறைமுகத்தின் நுழைவாயிலைக் காட்டும் வரைபடத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அமெரிக்கர்கள் கட்டி, பிரிட்டிஷார் பிடித்து, பிரெஞ்சுக்காரர்கள் கைப்பற்றி, இப்போது ஒரு சிறுவனின் பேரில் பிரிட்டிஷ் காவலில் இருக்கும் ஐரிஸ் உண்மையில் யாருடையது? முற்றுகை உடைந்து எல்லோரும் ஓட வேண்டிய இரவு வந்தால், வயிறு நிறைய வெடிமருந்தோடு ஓட முடியாமல் நிற்கும் இந்தக் கப்பலை என்ன செய்ய வேண்டும் என்று முடிவெடுக்கும் உரிமை யாருக்கு இருந்தது? அந்த முடிவை எடுத்தது யார், மீறியது யார்?

(அடுத்த வாரம்)